தெரியாத கோணத்தைக் கண்டுபிடிக்க எந்த வழி: நேர்கோடா, முக்கோணமா, வெளிக்கோணமா, இல்ல எக்ஸா?

ஏபிசினு ஒரு முக்கோணம், அதுல பிசி பக்கத்தை சி-யைத் தாண்டி டி வரைக்கும் நீட்டியிருக்கு. ஏ-ல உள்ள கோணம் 62 டிகிரி. சி-க்கு வெளிய, நீட்டுன கோட்டோட சேர்ந்து வர்ற ஏசிடி கோணம் 115 டிகிரி. பி-ல உள்ள கோணம் எவ்வளவு?

இத ரெண்டு விதமா போடலாம். ஒண்ணு, பி-சி-டி நேர்கோடு, அதனால சி-க்கு உள்பக்கம் 180-ல 115 போக 65, அப்புறம் முக்கோணத்துல மூணு கோணமும் சேர்ந்தா 180, அதுல 62-ம் 65-ம் போக 53. இன்னொண்ணு, வெளிக்கோணம் 115, அது உள்ளுக்குள்ள எதிர்த்தாப்ல இருக்குற ரெண்டு கோணத்தோட கூடுதலுக்குச் சமம், அதனால 115-ல 62 போக 53, ஒரே வரியில முடிஞ்சது. விடை ஒண்ணுதான். ஆனா ஏழாவது படிக்கிற புள்ளைக்கு எத முதல்ல பழக்குறது, எட்டாவதுல ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதுற புள்ள எத எடுக்குறது, பத்தாவதுல எங்கிட்டுப் போனா நேரம் மிச்சம், இந்த மூணுக்கும் பதில் வேற வேற. மதுரை ஒத்தக்கடைப் பக்கம் சாயந்தரம் டியூசன் எடுக்குறேன், கூட்டிட்டுப் போக வர்ற அம்மாமாரு அடிக்கடி கேக்குறது இதான்: "டீச்சர், ஸ்கூல்ல ஒரு மாதிரி போடச் சொல்றாய்ங்க, நீங்க வேற மாதிரி போடுறீக, புள்ள எதத்தான் எழுதுறது?" நியாயமான கேள்வி. அதனால ஒவ்வொரு வழியும் எங்க கைகொடுக்கும், எங்க காலை வாரும்னு வெவரமாவே எழுதிடுறேன்.

என் முடிவ முன்னாடியே சொல்லிடுறேன். ஏழாவதுல ரெண்டு படி வழிதான், அதாவது நேர்கோடு, அப்புறம் முக்கோணம். அது கைக்கு வந்ததும் வெளிக்கோணத்துக்கு மாத்திடணும், மாத்தாம விடக்கூடாது. எக்ஸ் போடுறத, அதாவது தெரியாத கோணத்துக்கு எக்ஸ்னு பேரு வச்சு சமன்பாடு எழுதுறத, கணக்கு கேட்டா மட்டும் செய்யணும். புதுசா கோடு இழுக்கணும்னா, ஏற்கனவே இருக்குற கோட்ட நீட்டுறதுதான் முதல் முயற்சி. இதுக்கு ஏன் ஏன்னு கீழ வருது.

மொதல்ல நேர்கோட்டு வழி. ஒரு நேர்கோட்டு மேல ஒரு புள்ளியில ஒரே பக்கமா நிக்கிற கோணங்க எல்லாம் சேர்ந்து 180, ரெண்டு கோடு வெட்டிக்கிட்டா குத்தெதிர்க் கோணங்க சமம். முதல்ல சொன்ன 180-ல ரெண்டே கோணம் இருந்தா அதத்தான் பாடப்புத்தகத்துல நேரிய கோண இணைனு சொல்றாங்க. இதுல கணக்கு ஒரே கழித்தல், புள்ள பயப்பட ஒண்ணுமில்ல, அதனாலதான் எல்லாரும் இங்க இருந்து தொடங்குறாங்க. குத்தெதிர்க் கோணம் சமம்ங்கிறதே இந்த 180-ஐ ரெண்டு தடவ போட்டா வந்துடும்: பக்கத்துக் கோணம் ஒண்ணு ரெண்டுக்கும் பொது, ரெண்டும் அதோட சேர்ந்து 180, அப்ப ரெண்டும் சமம்தான. இத ஒரு தடவ புள்ளைகளையே எழுத விட்டா அதுக்கப்புறம் மனப்பாடம் தேவப்படாது.

இதுல இருக்குற ஒரே ஆபத்து, நேரா தெரியிறத நேர்கோடுனு எடுத்துக்கிறது. படத்துல மூணு புள்ளி வரிசையா இருக்கும், ஆனா கணக்குல எங்கயும் அது ஒரே கோடுனு சொல்லியிருக்காது, புள்ள பாட்டுக்கு 180-னு எழுதிடும். சில கணக்குல "இந்த மூணு புள்ளியும் ஒரே கோட்டுல இருக்குனு காட்டு"னே கேப்பாய்ங்க, அங்க போய் நேர்கோடுங்கிறதால 180-னு எழுதுனா எத நிரூபிக்கணுமோ அதையே எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், மார்க் கிடையாது. அங்க தலைகீழா போகணும், கோணங்க தனித்தனியா என்னனு கண்டுபிடிச்சு, கூட்டி, 180 வருதுனு காட்டி, அதனால நேர்கோடுனு முடிக்கணும். நான் டியூசன்ல ஒரு வழக்கம் வச்சிருக்கேன், எந்தக் கோட்டு மேல 180 போடப்போகுதோ அந்தக் கோட்டோட பேர முதல்ல எழுதணும், "பி-சி-டி நேர்கோடு"னு. எழுதும்போதே அது கேள்வியில இருக்கா இல்லையானு கண்ணு தேடும்.

அடுத்தது முக்கோணத்தோட 180. காகிதத்துல ஒரு முக்கோணம் வெட்டி, மூணு மூலையையும் கிழிச்சு, முனைங்க மூணும் ஒரே புள்ளியில சேர்ற மாதிரி வரிசையா ஒட்டிப் பாத்தா கீழ் விளிம்பு நேர்கோடா நிக்கும். எல்லா ஸ்கூல்லயும் செய்யிறதுதான், ஆனா பாதிப் புள்ளைக ஒட்டுனதோட மறந்துருதுக. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, முக்கோணத்தோட 180-ம் நேர்கோட்டோட 180-ம் வேற வேற விதி இல்ல, ஒண்ணுல இருந்துதான் இன்னொண்ணு வருது. உச்சி வழியா அடிப்பக்கத்துக்கு இணையா ஒரு கோடு போடுங்க, இடப்பக்கம் ஒரு ஒன்றுவிட்ட உட்கோணம் (ரெண்டு இணைகோட்டுக்கு நடுவுல, வெட்டுற கோட்டுக்கு எதிரெதிர் பக்கமா இருக்குற சமக் கோணம்), வலப்பக்கம் ஒண்ணு, நடுவுல உச்சிக் கோணம், மூணும் அந்த ஒரே கோட்டு மேல உக்காந்துடும். கிழிச்சு ஒட்டுனது கண்ணுக்கு, இது புத்திக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல, அடுத்தடுத்து செஞ்சு காட்டுனாத்தான் ஒட்டும்னு என் அனுபவம்.

இந்த ரெண்டையும் சேர்த்துப் போடுற ரெண்டு படி வழியில என்ன நல்லதுன்னா, ஒவ்வொரு வரிக்கும் காரணம் புள்ளைக்கே தெரியும். என்ன கெட்டதுன்னா, கழித்தல் அதிகம். 180-ல 127 போக 53-னு போட வேண்டிய எடத்துல கடன் வாங்க மறந்து 63-னு எழுதுறத நீங்களும் பாத்திருப்பீக. கோணம் பத்தின அறிவுல கோளாறு இல்ல, கழித்தல்ல போகுது மார்க்கு. ஒரு கணக்குல நாலு கோணம் கண்டுபிடிக்கணும்னா எட்டுக் கழித்தல், எங்கயாவது ஒண்ணு சறுக்கும்.

வெளிக்கோண வழி இங்கதான் ஜெயிக்குது. படியும் பாதி, கழித்தலும் பாதி. இத பல எடத்துல ஒரு குறுக்கு வழி மாதிரி, கடைசில ஒரு ஓரத்துல சொல்லிட்டுப் போயிடுறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு. ஏன்னா இது குறுக்கு வழியே இல்ல. கி.மு. 300 வாக்குல கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் 'எலிமெண்ட்ஸ்'ங்கிற புத்தகத்துல எழுதி வச்ச வரிசைய பாருங்க, முதல் பாகத்துல 32-வது கூற்றுல வெளிக்கோணம் எதிர் உட்கோணங்களோட கூடுதல்னு முதல்ல நிரூபிக்கிறாரு, அதுக்கப்புறம்தான், அதே கூற்றுல, அதுல இருந்தே மூணு கோணமும் சேர்ந்து ரெண்டு செங்கோணம்ங்கிறத எடுக்குறாரு. சி வழியா ஏபி-க்கு இணையா ஒரு கோடு இழுத்தா வெளிக்கோணம் ரெண்டு துண்டாகும், ஒரு துண்டு ஏ கோணத்துக்குச் சமம், ஏன்னா ஒன்றுவிட்டது, இன்னொரு துண்டு பி கோணத்துக்குச் சமம், ஏன்னா ஒத்த கோணம், அதாவது இணைகோடு ரெண்டுலயும் ஒரே மாதிரி எடத்துல இருக்குற கோணம். அம்புட்டுதான். இத பாத்த புள்ளைக்கு வெளிக்கோணம் மறக்காது, ஏன்னா ரெண்டு கோணமும் அங்க போய் உக்காந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியுது.

இதுலயும் தப்பு வரும், மறைக்கல. பெரும்பாலும் வர்றது, பக்கத்துல ஒட்டியிருக்குற உட்கோணத்த கூட்டிக்கிறது. வெளிக்கோணம் 115, ஏ 62, புள்ள ஒட்டியிருக்குற சி கோணத்த எதிர்க்கோணம்னு நெனச்சு சி-க்கு 53 போட்டுரும். இதுக்கு ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு, வெளிக்கோணம் நிக்கிற முனைய வெரலால மூடிக்க, மூடாம மிச்சம் இருக்குற ரெண்டு முனைதான் நமக்கு. ரெண்டாவது சரிபார்ப்பு: வெளிக்கோணம் எதிர்ல இருக்குற ரெண்டுல எந்த ஒண்ண விடவும் பெருசாத்தான் இருக்கணும். கோணம் 70-னு விடை வந்து வெளிக்கோணம் 65-னு இருந்தா அங்கயே நிறுத்தித் திரும்பிப் பாக்கணும். ஒட்டியிருக்குற கோணத்துக்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது, அது வெளிக்கோணத்த விட பெருசாவும் இருக்கலாம் சின்னதாவும் இருக்கலாம்.

எட்டாவதுல என்எம்எம்எஸ்ங்கிற ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதுற புள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் நேரடியா மார்க்கு, காசும் கூட. அந்தத் தேர்வுல மனத்திறன் பகுதியில 90 கேள்வி 90 நிமிசம், பாடப் பகுதியிலயும் 90 கேள்வி 90 நிமிசம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிசம்தான். தேறுனா ஒன்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் மாசம் 1,000 ரூபா, நாலு வருசத்துக்கு 48,000. மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி பக்கமெல்லாம் கூலி வேலைக்குப் போற வீட்டுக்கு இது பெரிய தொகை. அங்க காரணம் எழுத வேண்டியதில்ல, நாலு விடையில ஒண்ண கருப்பாக்கணும், அதனால வெளிக்கோணம் தெரியிற எடத்துல வேற வழிய யோசிக்கவே வேண்டாம். இன்னொரு விசயம், குடுக்குற நாலு விடையில ரெண்டு படி வழியில பாதியில நின்னா வர்ற எண்ணும் ஒண்ணா இருக்க வாய்ப்பு உண்டு. மேல சொன்ன கணக்குல 65-னு ஒரு விடை இருந்துச்சுனா, முதல் படியில 65 வந்ததும் "ஆ, இருக்கு"னு அதையே கருப்பாக்கிட்டு போயிடும் புள்ள. ஒரே படியில போறவளுக்கு அந்த 65 கண்ணுலயே படாது.

ஸ்கூல் பரீட்சை வேற. அங்க காரணம் எழுதணும், அதுலயும் வெளிக்கோணப் பண்புனு ஒரு வரி எழுதுனா தாராளமா போதும். சில எடத்துல நேர்கோடு, முக்கோணம்னு விரிவா எழுதுனாத்தான் திருப்தியா இருக்கும்னு நெனக்கிற ஆசிரியர் இருக்காங்க, அவங்க கிளாஸ்ல அவங்க சொல்ற மாதிரி எழுதட்டும், விடைய மட்டும் வெளிக்கோணத்துல ஒரு தடவ ஓரமா சரி பாத்துக்கட்டும். அம்மாமாருக்கு நான் சொல்ற பதில் இதான்.

இனிமே கொஞ்சம் கஷ்டமான எடம், புதுசா ஒரு கோடு இழுக்க வேண்டிய கணக்கு. மேல ஒரு கோடு ஏபி, கீழ அதுக்கு இணையா சிடி. ஏ-யும் சி-யும் இடப்பக்கம், பி-யும் டி-யும் வலப்பக்கம். நடுவுல இடப்பக்கமா தள்ளி ஈ-னு ஒரு புள்ளி, பி-ல இருந்து ஈ-க்கும் ஈ-ல இருந்து டி-க்கும் கோடு, மூக்கு மாதிரி மடிஞ்சு நிக்கும். ஏபிஈ 35, சிடிஈ 48, மடிப்புல இருக்குற பிஈடி எவ்வளவு? பாடத்துல பழக்குறது, ஈ வழியா மூணாவதா ஒரு இணைகோடு இழு, மேல் துண்டு 35, கீழ் துண்டு 48, மொத்தம் 83. அழகான வழி, நானும் சொல்லித்தர்றேன். ஆனா புள்ளைக கைல அந்த இணைகோடு கோணலா போகும், ஒன்றுவிட்ட கோணம் எது எதுனு ரெண்டு தடவ தேடணும். அதுக்குப் பதிலா பிஈ கோட்ட அப்படியே நீட்டுங்க, கீழ் கோட்ட எஃப்-ல தொடும். எஃப்-ல ஒன்றுவிட்ட கோணம் 35. இப்ப ஈ, எஃப், டி ஒரு முக்கோணம், நமக்கு வேண்டிய கோணம் அதுக்கு வெளிக்கோணம், 35-ம் 48-ம் 83. ஸ்கேல ஏற்கனவே இருக்குற கோட்டு மேல வச்சு நீட்டுறது யாருக்கும் தப்பாது. இதுக்குத்தான் நீட்டுறது முதல் முயற்சினு சொன்னேன்.

ஆனா மடிப்பு ரெண்டு மூணு இருந்தா, அதாவது கோடு இப்படி அப்படினு வளைஞ்சு வளைஞ்சு போனா, நீட்டிக்கிட்டே போனா படம் சிலந்தி வலையாயிடும். அங்க ஒவ்வொரு மடிப்புலயும் இணைகோடு போடுறதுதான் சுத்தம். ஒரு மடிப்புக்கு நீட்டு, மேல போனா இணைகோடு, இதான் என் கணக்கு.

அடுத்து உள்பக்கமா குழிஞ்ச நாற்கோணம், எங்க டியூசன்ல புள்ளைக இதுக்கு வளரி கணக்குனு பேரு வச்சிருச்சுக. ஏ-ல 50, பி-ல 30, சி-ல 25, குழிஞ்ச முனை டி-ல பிடிசி எவ்வளவு? ஒரு வழி, பிசி-ய சேர்த்துடு. பெரிய முக்கோணம் ஏபிசி-ல மொத்தம் 180, அதுல 50, 30, 25 மூணும் போக 75, அந்த 75 சின்ன முக்கோணத்தோட அடிக்கோணம் ரெண்டும் சேர்ந்தது, அதனால டி-ல 180-ல 75 போக 105. இன்னொரு வழி, பிடி-ய நீட்டி ஏசி-ய ஈ-ல தொடு. ஏபிஈ முக்கோணத்துக்கு வெளிக்கோணம் 50-ம் 30-ம் 80, அடுத்து ஈடிசி முக்கோணத்துக்கு வெளிக்கோணம் 80-ம் 25-ம் 105. கழித்தலே இல்ல பாருங்க, கூட்டல் மட்டும். அதுலயே இன்னொண்ணும் தெரியுது, விடை மூணு கோணத்தோட கூடுதல்தான், 50, 30, 25 மூணும் 105. முதல் வழியிலயும் இதான் வந்துச்சு, ஆனா 180-ல கழிச்சு மறுபடி 180-ல கழிச்சதால அது மறைஞ்சு போச்சு. கணக்கு ஏன் அப்படி வருதுங்கிறத காட்டுற வழி எதுவோ அதுக்கு நான் கூட ஒரு மதிப்பெண் குடுப்பேன்.

அதே மாதிரி பேனாவ எடுக்காம போடுற அஞ்சு முனை நட்சத்திரம். அஞ்சு முனைக் கோணமும் கூட்டுனா எவ்வளவு? ஒரு முனையில இருக்குற சின்ன முக்கோணத்த மட்டும் பாருங்க. அதோட அடியில ரெண்டு கோணம் இருக்கு, அதுல ஒண்ணு வேற ரெண்டு முனைகளோட கூடுதல், இன்னொண்ணு மிச்சம் இருக்குற ரெண்டு முனைகளோட கூடுதல், ரெண்டும் வெளிக்கோணம்தான். அப்ப அஞ்சு முனையும் அந்த ஒத்த முக்கோணத்துக்குள்ள வந்துருச்சு, மொத்தம் 180. நட்சத்திரம் கோணலா இருந்தாலும் இதான் விடை. ரெண்டு படி வழியில இதப் போடலாம், நடுவுல இருக்குற ஐங்கோணத்தோட கோணங்களுக்கு எல்லாம் பேரு வச்சு, அதுகளோட கூடுதல் 540-ஐ கொண்டு வந்து, முக்காப் பக்கம் ஆகும்.

இப்ப எக்ஸ். கணக்குல எண்ணே குடுக்காம விகிதம் குடுத்தா, 2க்கு 3க்கு 4-னு, எக்ஸ் போட்டே ஆகணும், 9எக்ஸ் சமம் 180, எக்ஸ் 20, கோணங்க 40, 60, 80. இதுல யோசிக்க ஒண்ணுமில்ல. ஆனா எண் குடுத்திருக்குற கணக்குலயும் எடுத்த ஒடனே எக்ஸ், ஒய், இசட்னு மூணு எழுத்து வச்சு சமன்பாடு எழுதுற பழக்கம் சில புள்ளைகளுக்கு வந்துடுது, அது வேண்டாம். படத்தப் பாக்குறத விட்டுட்டு எழுத்தப் பாக்க ஆரம்பிச்சுருவாய்ங்க.

எக்ஸ் நெசமாவே வேணுங்கிற எடம் ஒண்ணு காட்டுறேன். ஏபி, ஏசி சமம். ஏசி மேல டி-னு ஒரு புள்ளி. ஏடி, டிபி, பிசி மூணும் சமம். ஏ கோணம் எவ்வளவு? ஒரு டிகிரி கூட குடுக்கல. ஏ கோணத்த எக்ஸ்னு வைங்க. ஏடி, டிபி சமம்ங்கிறதால ஏபிடி-யும் எக்ஸ். இங்க ரெண்டு பாதை பிரியுது. முக்கோணக் கூடுதல்ல போனா ஏடிபி என்பது 180 கழித்தல் 2எக்ஸ், அப்புறம் நேர்கோட்டுல பிடிசி என்பது 180 கழித்தல், அடைப்புக்குள்ள 180 கழித்தல் 2எக்ஸ். அந்த அடைப்புக்குறிய எடுக்கும்போது மைனஸ் 2எக்ஸ்னே விட்டுருதுக, பிளஸ் ஆக்குறதில்ல. கோணம் மைனஸ்ல வந்து நிக்கும், புள்ள முழிக்கும். வெளிக்கோணத்துல போனா பிடிசி சமம் எக்ஸ் கூட்டல் எக்ஸ், 2எக்ஸ், அடைப்புக்குறியே இல்ல. பிடி, பிசி சமம், அதனால சி-யும் 2எக்ஸ். ஏபி, ஏசி சமம், அதனால முழு பி-யும் 2எக்ஸ். மொத்தம் 5எக்ஸ் சமம் 180, எக்ஸ் 36. எக்ஸையும் வெளிக்கோணத்தையும் ஜோடியா பழக்கணும்னு நான் பிடிவாதமா இருக்குறது இதுக்காகத்தான், தனி எக்ஸ் கடிக்கும்.

பத்தாவது வந்தா இதெல்லாம் முடிஞ்சுபோன பாடம்னு விட்டுருவாய்ங்க, ஆனா முக்கோணவியல்ல ஏற்றக்கோணம், அதாவது அண்ணாந்து பாக்குற கோணம், வரும்போது இதே விசயம் திரும்ப வருது. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்த எடுத்துக்குவோம், அந்தக் கோயில் கோபுரங்கள்லயே ஒசந்தது, சுமார் 170 அடி. தெக்கிட்டு நின்னு பாக்கும்போது உச்சி 30 டிகிரியில தெரியுது, கோபுரத்தப் பாத்து 60 மீட்டர் நடந்ததும் 60 டிகிரியில தெரியுதுனு கணக்கு குடுத்தா ஒசரம் என்ன? வழக்கமா டேன் 60, டேன் 30-னு ரெண்டு சமன்பாடு எழுதி, எக்ஸ் 30-னு கண்டுபிடிச்சு, அப்புறம் ஒசரம் 30 ரூட் 3. சரி. அதையே கோணமா பாருங்க. 60 டிகிரி வெளிக்கோணம், 30 ஒரு எதிர்க்கோணம், அப்ப உச்சியில 30. ரெண்டு கோணம் 30, இருசமபக்க முக்கோணம், அதனால நடந்த 60 மீட்டரும், ரெண்டாவதா நின்ன எடத்துல இருந்து உச்சிக்கு இருக்குற சாய்வுத் தூரமும் ஒண்ணு. ஒசரம் 60 பெருக்கல் சைன் 60, அதாவது 30 ரூட் 3, சுமார் 52 மீட்டர். 170 அடியும் சுமார் 52 மீட்டர்தான், எண்ண அதுக்கேத்த மாதிரிதான் நான் எடுத்தேன், ஆனா வழி எல்லாக் கோபுரத்துக்கும் பொருந்தும்.

இதுலயும் தேர்ந்தெடுக்கணும். ரெண்டாவது கோணம் முதல் கோணத்தப் போல ரெண்டு மடங்கா இருந்தாத்தான் இருசமபக்கம் கெடைக்கும். 30, 45-னு குடுத்தா உச்சியில 15 வருது, அத வச்சுப் பத்தாவதுல ஒண்ணும் பண்ண முடியாது, அங்க பேசாம டேன் வழியில போயிடணும். அஞ்சு மார்க் கேள்விய பாத்ததும் ரெண்டு கோணத்தையும் கழிச்சுப் பாக்க ரெண்டு செகண்டு கூட ஆகாது, கழிச்சது சின்னக் கோணத்துக்குச் சமமா இருந்தா வெளிக்கோணம், இல்லேன்னா டேன்.

எல்லாம் சொல்லிட்டு இந்த வழிகளோட எல்லையையும் சொல்லணும், இல்லேன்னா நல்லாப் படிக்கிற புள்ள ஒரு நாள் மாட்டிக்கிட்டு, தனக்குத்தான் தெரியலனு நெனச்சுக்கும். 1922-ல இங்கிலாந்துல எட்வர்ட் மேன் லாங்லிங்கிற கணக்கு ஆசிரியர் வெளியிட்ட ஒரு கணக்கு இருக்கு. ஏபிசி முக்கோணத்துல பி-யும் சி-யும் 80, ஏ 20. சி-ல இருந்து ஏசி-யோட 30 டிகிரி வச்சு ஒரு கோடு, அது ஏபி-ய எஃப்-ல வெட்டுது. பி-ல இருந்து ஏபி-யோட 20 டிகிரி வச்சு ஒரு கோடு, அது ஏசி-ய ஈ-ல வெட்டுது. பிஈஎஃப் கோணம் எவ்வளவு? பாத்தா ஏழாவது கணக்கு மாதிரி இருக்கும். நேர்கோடு, முக்கோணம், வெளிக்கோணம், எக்ஸ், ஒய் எல்லாம் போட்டுப் பாருங்க, ஒவ்வொரு சமன்பாடும் சுத்தி வந்து பழைய சமன்பாட்டுலயே போய் நிக்கும், எக்ஸ் மட்டும் வெளிய வராது. ஏன்னா அந்த விதிக எல்லாமே ஒரே 180-ஐத்தான் வேற வேற எடத்துல சொல்லுது, பக்கங்களோட நீளம் அதுக்குள்ள வர்றதே இல்ல.

இங்க ஏசி மேல ஜி-னு ஒரு புள்ளி எடுக்கணும், சிபிஜி 20 டிகிரி வர்ற மாதிரி. இப்ப பிஜிசி-யும் 80, அதனால பிஜி, பிசி சமம். பிசிஎஃப் 50, பி 80, அதனால பிஎஃப்சி 50, பிஎஃப்-ம் பிசி-யும் சமம். அப்ப பிஜி, பிஎஃப் சமம், நடுவுல கோணம் 80-ல 20 போக 60, அதனால பிஜிஎஃப் சமபக்க முக்கோணம். ஜிபிஈ 40, பிஈசி-யும் 40, அதனால ஜிஈ, ஜிபி சமம், ஜிஎஃப்-ம் அதே நீளம். ஜி-ல நேர்கோட்டுல 180-ல 80-ம் 60-ம் போக எஃப்ஜிஈ 40, ஜிஎஃப், ஜிஈ சமம்ங்கிறதால ஜிஈஎஃப் 70, அதுல 40 போக 30. விடை 30. இருசமபக்கம் நாலு எடத்துல வந்து, நீளத்த உள்ள கொண்டு வந்து, வழி தெறந்து விட்டுச்சு. அதனால ரெண்டு தடவ சுத்தியும் அதே சமன்பாடு வந்தா, மூணாவது தடவையும் கோணமாவே தேடக்கூடாது, எந்த ரெண்டு பக்கம் சமம்னு தேடணும். ஒன்பதாவது, பத்தாவதுல ஒலிம்பியாட் பக்கம் போகணும்னு ஆசப்படுற புள்ளைகளுக்கு இத ஒரு வாரம் யோசிக்கக் குடுக்கலாம், மத்தவங்களுக்கு வேண்டாம், மனசு விட்டுரும்.

கோணமானி வச்சு அளந்து பாக்குறத பத்தியும் கேக்குறாங்க. புத்தகத்துல போட்டிருக்குற படம் அளவுக்குச் சரியா வரஞ்சதா இருக்கணும்னு அவசியமே இல்ல, அதனால அச்சுல இருக்குற படத்த அளந்து விடை எழுதக்கூடாது. ஆனா வீட்டுல, புள்ள தானே ஸ்கேல், கோணமானி வச்சு குடுத்த அளவுல பெருசா வரஞ்சு, கணக்குல வந்த விடைய அளந்து பாக்குறது ரெம்ப நல்லது, பென்சில் தடிமன்ல ஒண்ணு ரெண்டு டிகிரி முன்னப் பின்ன வரும், அது பரவால்ல. 53-னு கணக்குல வந்து அளந்தா 54-னு நின்னா சரி, 63-னு வந்து 53-னு நின்னா கழித்தல்ல எங்கயோ கடன் வாங்க மறந்திருக்கு, நோட்ட மறுபடி எடுத்துப் பாக்கச் சொல்லுங்க.